ஊசி போட்ட மறுநாள் காலையிலேயே தீர்ப்பு எழுதாதீர்கள்

இந்த மாதமும் ஒருவர். கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி. பக்கவாதம் வந்து நேரத்துக்குள் வந்து சேர்ந்தார், மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்தோம், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியும் போட்டாயிற்று. மலையில் இதெல்லாம் கூடி வருவதே அபூர்வம். மறுநாள் காலை வலது கை அசையவில்லை. மூன்றாம் நாள் மகன் ‘எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, சமவெளியில் எங்கேயோ எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போடுகிற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்தபோது தோள் இறுகி, இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண், போதாததற்கு நிமோனியா. “அந்த ஊசி கேக்கலைங்க டாக்டர்” என்கிறார் மகன். கேட்டதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று நாளில் எனக்கே தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்கியே ஆகவேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஊசி மூளை ரத்தக்குழாயில் உள்ள அடைப்பைத்தான் கரைக்கிறது, கையை எழுப்புவது அதன் வேலை இல்லை. கேரட் பாத்திக்குத் தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பை எடுத்த அந்த நிமிடமே வாடின செடியெல்லாம் நிமிர்ந்துவிடுமா? காய்ந்தது காய்ந்ததுதான், வாடினது மெதுவாகத்தான் எழும். இந்த ஊசிக்கு அடித்தளம் போட்டது 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. அதில் 24 மணி நேரத்தில் எத்தனை பேர் நன்றாகத் தேறினார்கள் என்று முதலில் பார்த்தபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், ஊனம் இல்லாமலோ மிகக் கொஞ்சமாகவோ இருக்கும் வாய்ப்பு ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 30 சதவீதம் கூடுதல். அதனால்தான் உலகம் முழுக்க 90ஆம் நாளில் கணக்குப் பார்க்கிறோம். நீங்கள் மறுநாள் காலை காபி குடிக்கும் நேரத்துக்குள் பார்த்துவிடுகிறீர்கள்.

சரி, எல்லாருக்கும் தேறுமா? தேறாது. அதே ஆய்வில் ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்து நிலை மோசமானது, போடாதவர்களில் அது 0.6. இதையும் சொல்லித்தான் சம்மதம் வாங்குகிறோம்.

யார் தேறுவார் என்று ஊகிக்க எங்களிடம் சில கணக்குகள் உண்டு. ஹெல்சிங்கி மருத்துவர்கள் 2012இல் கொடுத்த டிராகன் ஸ்கோர் என்று ஒன்று: வயது, வரும்போது சர்க்கரை 144க்கு மேலா, பாதிப்பு எவ்வளவு, முதல் சி.டி.யில் என்ன தெரிந்தது, ஏற்கெனவே கொஞ்சமாவது ஊனம் இருந்ததா, ஊசி போடுவதற்குள் 90 நிமிடம் தாண்டிவிட்டதா. நூறு பேரைப் பற்றி இது நன்றாகச் சொல்லும், உங்கள் அப்பா ஒருவரைப் பற்றி இதை வைத்து நான் சத்தியம் செய்ய முடியாது. அதைவிட எனக்குப் பிடித்தது கட்டிலோரச் சோதனை. தோளைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்வேன், மடங்கிக் கிடக்கும் விரல்களை நீட்டச் சொல்வேன். நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் முதல் 72 மணி நேரத்துக்குள் இரண்டும் கொஞ்சமாவது முடிந்தவர்களில் 98 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் கையில் ஓரளவு லாவகம் திரும்பியது, முடியாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு. உறவினர்கள் “கையை இறுக்கிப் பிடிக்கிறார் சார்” என்று சந்தோஷமாகக் காட்டுவார்கள், நான் பார்ப்பது பிடியை இல்லை, அந்த விரல் நீட்டலைத்தான். இன்னொன்று, அந்த 25ஐயும் பாருங்கள். நாலில் ஒருவர். அவரைத்தான் நீங்கள் மூன்றாம் நாள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகிறீர்கள்.

இந்தக் கணக்கில் உங்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்று, நேரம். பக்கவாதம் வந்ததிலிருந்து ஊசி போட நான்கரை மணி நேரம் என்பது கெடு, அதுவரை உட்கார்ந்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. டிசம்பர் பனியில் ‘கை மரத்துப்போச்சு, அடுப்புக்கிட்ட உக்காந்தா சரியாயிடும்’ என்று உட்கார்ந்தே பாதி நேரம் போய்விடுகிறது. குளிரில் இரண்டு கையும் மரக்கும், ஒரு பக்கம் மட்டும் மரத்து வாய் கோணாது. பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்ப்பவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை, புறாவாவது பிழைக்கட்டும். 108ஐக் கூப்பிடுங்கள், எந்த மருத்துவமனையில் சி.டி.யும் இந்த ஊசியும் இருக்கிறது என்று அவர்களிடமே கேளுங்கள். மேட்டுப்பாளையம் இறங்க அத்தனை கொண்டை ஊசி வளைவு, மழைக்காலத்தில் மரம் விழுந்தால் அதுவும் இல்லை. ஆகவே எங்கே போவது என்பதைப் பாதி வழியில் யோசிக்காதீர்கள். தூங்கி எழும்போதே இப்படி இருந்தால், கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்று கேட்கும்போது ‘காலைல பார்த்தோம்’ என்று சொல்லாமல், ராத்திரி படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். கடிகாரம் அங்கிருந்துதான் ஓடுகிறது.

ஊசிக்குப் பின் முதல் ஒரு நாள் தயவுசெய்து சொல்வதைக் கேளுங்கள். விழுங்க முடிகிறதா என்று நாங்கள் பார்க்கும்வரை ஒரு வாய் காபிகூட வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தலைவலி, வாந்தி, திடீரென்று தூக்கக் கலக்கம் என்றால் நர்ஸை உடனே எழுப்புங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். அசையாத கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் நழுவும். பயிற்சி எப்போது தொடங்குவது என்று பிசியோதெரபிஸ்ட் சொல்வார், வீட்டுக்குப் போன பிறகும் அதை நிறுத்தாதீர்கள்.

அப்புறம், நன்றாகத் தேறியவர்களே, உங்களுக்கும்தான். நடக்க ஆரம்பித்ததும் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுகிறீர்கள். மாத்திரை அட்டையோடு வாருங்கள், காலியான அட்டையையும் எடுத்து வாருங்கள், நான் எண்ணிப் பார்ப்பேன்.