எந்தச் சரிவில் முதலில் கைவைப்பது?

நீலகிரியின் மேற்கு விளிம்பில், முக்குருத்தியிலிருந்து அப்பர் பவானி வரை, சோலையும் புல்வெளியும் மாறி மாறிக் கிடக்கின்றன. வரையாடு மேய்வதும் பவானி ஊறுவதும் இங்கேதான். அந்தப் புல்வெளியைச் சீகை மரம் (வாட்டில் எனும் அயல் மரம்; சீகைக்காய்ச் செடி அல்ல) விழுங்கி வருகிறது. எல்லா இடத்திலும் பிடுங்கப் பணமும் போதாது, ஆளும் போதாது. ஆகவே பார்க்க மிக மோசமாக இருக்கும் காட்டில் வெட்டத் தொடங்கிவிடுகிறோம். கணக்குப் போட்டால் அது பெரும்பாலும் தவறான இடம்.

மண் அரிப்புக்கு நம் நாட்டில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு வண்டல் விளைவுக் குறியீடு. நீர்வடிப்பகுதியைச் சரிவு, மண், பயிர் பார்த்துத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அரிப்பு எடை தருவார்கள். அரிப்பும் படிவும் சமமென்றால் 10; அரிப்பு கூடினால் எண் ஏறும். அதைத் துண்டின் பரப்பாலும், பெயர்ந்த மண்ணில் அணைவரை போய்ச்சேரும் பங்காலும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தப் பரப்பால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும். தொலைவில் கிழிந்து கிடக்கும் சரிவுக்கு எடை 22, பங்கு 0.5 என்று வைத்தால் 1,100 வரும். ஓடையை ஒட்டிய காய்கறித் தோட்டத்துக்கு எடை 18தான், ஆனால் பங்கு 0.9, வருவது 1,620. அணையைத் தூர்ப்பதில் முந்துவது தோட்டம்தான்.

இந்தக் குறியீடு நோயை மட்டும் அளக்கிறது. மருந்து கேட்குமா என்று சொல்லாது. அதற்கு இன்னொரு கணக்கு: பயனை வெற்றி வாய்ப்பால் பெருக்கி, செலவால் வகுப்பது. நியூசிலாந்தின் இயற்கைப் பாதுகாப்புத் துறை, அழியும் தறுவாயிலுள்ள உயிரினங்களுக்குப் பணம் ஒதுக்க இந்த முறையைக் கையாண்டிருக்கிறது. பயன் என்பது வேலை செய்தால் இருக்கும் நிலைக்கும் செய்யாவிட்டால் வரும் நிலைக்கும் உள்ள வேறுபாடு. தானாகவே தேறிவிடும் இடத்தில் பயன் சொற்பம்.

இதைச் சீகையில் வைத்துப் பாருங்கள். புல்வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்த கன்றுகளைக் கையால் வேரோடு பிடுங்கலாம். 10 லட்ச ரூபாயில் 100 ஹெக்டேர் முடியும், வாய்ப்பு 0.8 என்று வைத்துக்கொண்டால் 80 ஹெக்டேர் மீளும். அதே பணத்துக்கு அடர்காட்டில் 10 ஹெக்டேர் வெட்டலாம், வாய்ப்பு 0.3 என்றால் கிடைப்பது 3. எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், வேறுபாட்டின் காரணம் மெய். சீகை விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உறங்கும். மரம் போய் வெயில் பட்டாலோ தீ பட்டாலோ கூட்டமாக முளைக்கும். அதற்குள் வெற்று மண்ணை மழை கொண்டுபோய்விடும். மேலும், முதிர்ந்த சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் எழுவதும் உண்டு. அங்கே ஒரேயடியாக வெட்டுவது அவற்றையும் கொல்லும்.

பயனுக்கு எண் தருவதுதான் கடினம். ஊட்டியருகே கிளென்மார்கனில் மண்வள ஆராய்ச்சியாளர்கள் 1968இல் தொடங்கி, அடுத்தடுத்த இரு ஓடைகளின் நீரைச் சில ஆண்டுகள் அளந்தார்கள். 1972இல் ஒன்றின் பரப்பில் 59 விழுக்காட்டில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டு, மற்றதைப் புல்லாகவே விட்டார்கள். முதல் பத்தாண்டில் ஓடைநீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25. புல்வெளியைக் காப்பது தண்ணீரைக் காப்பதே என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லும் அளவீடுகள் அரிது.

ஒவ்வோர் இடத்துக்கும் பல வகையில் மதிப்பெண் தந்து, அவற்றைக் கூட்டி வரிசைப்படுத்தும் பழக்கம் எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. நீருக்கு 5, விலங்குக்கு 5, பாதைக்கு 5, நில உரிமையாளரின் சம்மதத்துக்கு 0: கூட்டினால் 15. இன்னோர் இடம் 3, 4, 3, 4 என 14. கூட்டல், வேலையே நடக்க முடியாத இடத்தை முதலில் நிறுத்துகிறது. பெருக்கினால் அது 0, மற்றது 144.

பட்டியலில் முதலிடம் முடிந்ததும் மீதியை மறுபடி கணக்கிட வேண்டும். இரண்டாமிடமும் அதே வரையாட்டு மந்தைக்குத்தான் என்றால் அதன் பயன் இப்போது குறைந்திருக்கும். வேறு மந்தையின் மேய்ச்சல் மேலே வரும். செலவில், பிடுங்கிய பிறகு ஆண்டுதோறும் முளைகளை எடுக்கும் கூலியையும் முதல் நாளே சேர்க்க வேண்டும். பெரும்பாலான பணிகள் விழுவது இங்கேதான். குறித்த சதுரங்களில் முளைகளை எண்ணிவந்து, மூன்று ஆண்டுகளிலும் எண்ணிக்கை இறங்காவிட்டால் வெற்றி வாய்ப்பைக் குறைத்து, பட்டியலைத் திரும்ப அடுக்க வேண்டும்.