ரைசோபாக்டீரியா: சொல்லும் பொருளும்

உலோகக் கழிவு கலந்த நிலத்திலும் பயிரைக் காப்பாற்றும் நல்ல பாக்டீரியா பற்றி வேளாண் கட்டுரைகளில் அடிக்கடி படிக்கிறோம். அவற்றில் தவறாமல் வரும் பெயர் ரைசோபாக்டீரியா.

கிரேக்க மொழியில் ‘ரைசா’ என்றால் வேர். ‘பாக்டீரியான்’ என்றால் சிறு கோல். நுண்ணோக்கியில் அந்த உயிர்கள் கோல்போலத் தெரிந்ததால் 19ஆம் நூற்றாண்டில் பாக்டீரியா என்ற பெயர் வந்தது. ஆக, ரைசோபாக்டீரியா என்பது வேரை அண்டி வாழும் பாக்டீரியா.

எவ்வளவு அண்டி? அங்கேதான் இன்னொரு சொல் வருகிறது. 1904இல் ஜெர்மன் அறிவியலாளர் லோரென்ஸ் ஹில்ட்னர், வேரின் தாக்கம் எட்டுகிற மண்ணுக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று பெயரிட்டார். வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டர், அவ்வளவுதான். ஒரு செடியைப் பிடுங்கி நன்றாக உதறுங்கள். உதிராமல் வேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மண் இருக்கிறதே, ஆய்வுக்கு எடுப்பது அதைத்தான். செடி தான் தயாரித்த சர்க்கரையிலும் அமிலங்களிலும் ஒரு பங்கை வேர் வழியாகக் கசியவிடுகிறது. அதை உண்ணத்தான் பாக்டீரியாக்கள் அங்கே கூடுகின்றன. அப்படிக் கூடி, வேரில் குடியேறி, பயிரை வளரவும் வைக்கிற கூட்டத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் ஜோசப் குளோப்பரும் மில்டன் ஷ்ராத்தும் 1978இல் முள்ளங்கி ஆய்வில் ‘வளர்ச்சியூக்கி ரைசோபாக்டீரியா’ என்று குறித்தார்கள்.

தமிழில் ரைசோஸ்பியருக்கு ‘வேர்மண்டலம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. அதனால் ‘வேர்மண்டலப் பாக்டீரியா’ என்பதே பொருத்தம். ‘வேர் நுண்ணுயிர்’ என்றும் எழுதுகிறார்கள். அதில் பூஞ்சையும் சேர்ந்துவிடும். ரைசோபியம் என்று மாற்றி எழுதுவது இன்னும் பெரிய பிழை. அது பயறு வகைகளின் வேரில் முடிச்சுப் போட்டுத் தழைச்சத்தை நிலைநிறுத்தும் பாக்டீரியா. இந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு பிரிவு மட்டுமே.

உழவர்களுக்கு இந்தக் கூட்டத்தில் சில ஏற்கெனவே பழக்கம். அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் இரண்டும் வேர்மண்டலப் பாக்டீரியாதான். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்று விதைநேர்த்தி செய்கிறோமே, அது நோயைத் தடுக்க. அந்தப் பொட்டலம் உலோக நஞ்சையும் முறிக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உலோகத்தைத் தாங்கும் வகைகளை ஆய்வாளர்கள் பெரும்பாலும் மாசுபட்ட மண்ணிலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள்.

சரி, அவை எப்படிக் காக்கின்றன? சில தம் சுவரிலும் சுரக்கும் பசையிலும் உலோகத்தைப் பிடித்து வைக்கின்றன. சில அதன் வடிவத்தை மாற்றுகின்றன. குரோமியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம் என்ற வடிவம். நீரில் எளிதாகக் கரைந்து ஓடும், நஞ்சும் அதிகம். அந்த வகைக் குரோமியத்தை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிடும் பாக்டீரியாக்கள் உண்டு. அப்படி இறங்கியது அவ்வளவாகக் கரையாது, வேருக்குள் போவதும் குறையும்.

மூன்றாவது வழியை அதிகம் பேர் சொல்வதில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிக்கல் கலந்து கெட்ட மண்ணிலிருந்து குளுவேரா அஸ்கார்பேட்டா என்ற பாக்டீரியாவைப் பிரித்தார்கள். கடுகு இனத்தைச் சேர்ந்த கனோலா விதையில் அதைச் சேர்த்து, நிக்கல் கலந்த சூழலில் வளர்த்தார்கள். 1998இல் முடிவு வெளியானது: நாற்றுகள் ஓரளவு தப்பித்து வளர்ந்தன. ஆனால் செடிக்குள் ஏறிய நிக்கலின் அளவு குறையவில்லை! நஞ்சு தாக்கும்போது செடியில் எத்திலீன் என்ற வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் வாயு மிகுந்து வேர் நீளாமல் நின்றுவிடும். அந்த எத்திலீனுக்கான மூலப்பொருளை இந்தப் பாக்டீரியா உடைத்துவிடும். வேர் தப்பித்தது அதனால்தான் என்பது அவர்களின் கணிப்பு.

ஆகவே ‘பயிரைக் காக்கும்’ என்ற சொற்றொடரைக் கவனமாகப் படிக்க வேண்டும். பயிர் பச்சையாக நிற்பது வேறு, விளைச்சல் சாப்பிடத் தகுந்ததாக இருப்பது வேறு. பூச்சிமருந்தை நுண்ணுயிர் சிதைத்துத் தீர்த்துவிடலாம். உலோகம் ஒரு தனிமம், அதைச் சிதைக்க எதனாலும் முடியாது. ஒன்று மண்ணிலேயே கட்டிப்போட வேண்டும், இல்லை செடிக்குள் ஏற்றி அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். இரண்டாவது வழிக்கும் இதே வேர்மண்டலப் பாக்டீரியாவைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் செடி உணவுக்கோ தீவனத்துக்கோ போகக் கூடாது. ஒரு பாக்டீரியாவைப் பரிந்துரைக்கும்போது அது இந்த இரண்டில் எதைச் செய்கிறது, தானியத்தில் எவ்வளவு உலோகம் இருந்தது என்ற இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் உழவருக்குப் பயன்.