உப்பு பட்டால் சுருங்கும் செல்

“ஆய்வகத்தில் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்தோம். கறுப்பு விளிம்போடு வட்டவட்டமாகத் தெரிந்தன. அவைதாம் செல்களா?” இது தேவகோட்டையிலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டது.

இல்லை, காற்றுக் குமிழிகள். நீரிலிருந்து குமிழிக்குள் நுழையப் பார்க்கும் ஒளி அதன் ஓரத்தில் திசைமாறிப் போகிறது, லென்ஸை எட்டுவதில்லை. அதுதான் அந்தத் தடித்த கறுப்பு வளையம். தோலை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர் ஸ்லிப்பைப் பொத்தென்று போட்டால் குமிழி நிச்சயம். ஓர் ஓரத்தை நீர்த்துளியில் தொடவைத்து, 45 பாகை சாய்வில் ஊசியால் தாங்கி மெல்ல இறக்குங்கள். தோல் மடிந்திருந்தாலும் அடியில் காற்று மாட்டும்.

வெங்காய செல் செங்கல் அடுக்கியதுபோல நீளமாக இருக்கும். ஏறத்தாழ கால் மில்லிமீட்டர். 100 மடங்கு உருப்பெருக்கமே தாராளம். 40 மடங்கு பொருளருகு லென்ஸ் (கண்ணருகு லென்ஸோடு சேர்ந்து 400 மடங்கு) கவர் ஸ்லிப்பை ஒட்டி, சுமார் அரை மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கும். அப்போது குவியம் சரிசெய்யும் பெரிய திருகைத் தொட்டால் கண்ணாடி நொறுங்கும்.

பாடநூல்கள் வெங்காயத்தின் உட்புற வெள்ளைத் தோலை உரித்து சாஃப்ரனின் சாயம் ஏற்றச் சொல்கின்றன. உட்கரு தெரியும், படம் வரையலாம், மதிப்பெண்ணும் வரும். ஆனால் எதுவும் அசையாது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்து ‘செல்’ என்று பெயரிட்டதும் வெற்றுச் சுவர்களைத்தான். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடு மாதிரி: சுவர் உண்டு, குடியிருப்பவர் இல்லை.

குடியிருப்பவரைப் பார்க்கச் சாயமே வேண்டாம். நல்ல நிறமுள்ள சின்ன வெங்காயம் போதும், பல்லாரியும் ஆகும். காய்ந்த சருகை நீக்கிவிட்டு, சதைப்பற்றான முதல் இதழின் வெளிப்புறத் தோலை எடுக்க வேண்டும். உட்புறத் தோல்போல இது எளிதில் வராது. இதழைப் பின்னோக்கி ஒடித்தால் சதை முறியும், ஊதாத் தோல் அறாமல் தொங்கும். இடுக்கியால் இழுத்து 5 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். சதை ஒட்டிய துண்டு மங்கலாகத்தான் தெரியும்.

அந்த ஊதா நிறம் செல்லின் நடுவில் ‘நுண்குமிழ்’ எனப்படும் நீர் நிரம்பிய பையில் இருக்கிறது. அது செல்லையே அடைத்துக்கொண்டிருப்பதால் முழுச் செங்கல்லும் ஊதாவாகத் தெரியும். இப்போது 100 மில்லி நீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் ஒரு சொட்டு விட்டு, எதிர்ப்பக்கம் வடிதாளை வையுங்கள். தாள் நீரை இழுக்க, உப்புநீர் உள்ளே போகும். கண்ணை எடுக்காதீர்கள்.

சில நிமிடங்களில் ஊதா முதலில் மூலைகளை விட்டு விலகும். பிறகு பக்கங்களை விடும். கடைசியில் உருண்டு, முன்னைவிட அடர்ந்த நிறத்தோடு நடுவில் நிற்கும். நிறமி அதேதான், நீர் மட்டும் குறைந்துவிட்டது. செல் சுவர் இடத்தைவிட்டு அசையாது. சுவர் உப்பைத் தடுப்பதில்லை, உள்ளிருக்கும் சவ்வுதான் தடுக்கிறது. நீரை மட்டும் வெளியே விடுகிறது. அப்படியானால் சுவருக்கும் சவ்வுக்கும் நடுவில் தெரியும் இடைவெளியில் என்ன இருக்கிறது? வெற்றிடம் என்று எழுதுபவர்களே அதிகம். சுவரைக் கடந்து வந்த உப்புநீர்தான் அது! உப்பு போட்ட மாங்காய் மறுநாள் ஜாடியில் “தண்ணி விட்டுருச்சு” என்று ஆச்சிமார் சொல்வதும் இந்தச் சவ்வூடு பரவலைத்தான்.

உடனே நல்ல நீரை அதே வழியில் செலுத்தினால் ஊதா மெல்ல விரிந்து சுவரைத் தொடும். உப்பை அள்ளிப்போட்டிருந்தால் சவ்வு சிதைந்திருக்கும், திரும்பாது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் ‘சிக்ரி’ என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஊர், தேவகோட்டைக்குப் பக்கத்திலுள்ள காரைக்குடி. நுண்ணோக்கியைப் பீரோவில் பூட்டி, லென்ஸில் பூஞ்சை பிடிக்கவிடும் பள்ளிகள் இந்த வட்டாரத்தில் இருந்தால் அது வெட்கக்கேடு. ஒரு வெங்காயம், ஒரு தேக்கரண்டி உப்பு: இதற்கு எந்த மானியமும் தேவையில்லை.

இன்னொரு துண்டையும் தயார் செய்யுங்கள். அதைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்துப் பாருங்கள். சவ்வு குலைந்து ஊதா நீரில் கசிந்திருக்கும். அதற்கு எத்தனை சொட்டு உப்புநீர் விட்டாலும் எந்த மூலையும் விலகாது.