‘ரெஸ்பெக்ட்ஃபுல் மெட்டர்னிட்டி கேர்’: தமிழில் எப்படிச் சொல்வது?

இந்த ஆங்கிலச் சொற்றொடரைத் தமிழில் ‘மரியாதையான மகப்பேறு பராமரிப்பு’ என்று எழுதுகிறார்கள். பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ‘மரியாதை’ என்ற சொல் இங்கே பொருந்தவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் தொடரின் கதை. ஏழை நாடுகளில் பெண்களைப் பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு வரவைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். வந்த பெண்ணை உள்ளே எப்படி நடத்தினார்கள் என்பது வெகுகாலம் கணக்கில் வரவே இல்லை. 2010-இல் டயானா பௌசர், கேத்லீன் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கொடுமைகளை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டினார்கள்: அடிப்பது, சம்மதம் கேட்காமல் சிகிச்சை செய்வது, அந்தரங்கத்தைக் காக்காதது, இழிவாக நடத்துவது, பாகுபாடு காட்டுவது, வலியில் தனியே விட்டுப் போவது, பணம் கட்டும்வரை தாயையும் சேயையும் வீட்டுக்கு விடாமல் பிடித்துவைப்பது. அடுத்த ஆண்டே, தாய்மார் நலனுக்காகப் பாடுபடும் ஒயிட் ரிப்பன் அலையன்ஸ் என்ற அமைப்பு இந்த ஏழு கொடுமைகளையும் ஏழு உரிமைகளாகத் திருப்பி எழுதி ஒரு சாசனம் வெளியிட்டது. தொடர் பரவியது அதன் வழியாகத்தான். 2018-இல் உலக சுகாதார நிறுவனமும் பிரசவ கால வழிகாட்டுதலில் இதைச் சேர்த்தது.

கொடுமை எவ்வளவு பரவலானது? கானா, கினி, மியான்மர், நைஜீரியா ஆகிய நாடுகளில் பிரசவ அறையிலேயே இருந்து கவனித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. பார்த்த 2,016 பெண்களில் 838 பேர் அடியோ வசவோ பாகுபாடோ பட்டிருந்தார்கள். குழந்தை வெளிவரும் வழியை வெட்டி அகலப்படுத்தியபோது, நான்கில் மூன்று பங்கு பெண்களிடம் சம்மதமே வாங்கவில்லை. உடம்பில் கத்தி படுவதைப் பட்ட பிறகுதான் அவள் தெரிந்துகொள்கிறாள்!

சரி, சொல்லுக்கு வருவோம். ‘மரியாதை’ வடசொல், அதன் மூலப்பொருள் எல்லை, வரம்பு. நம் பேச்சு வழக்கில் அது பெரும்பாலும் கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கொடுப்பது. வயது, பதவி, பணம் பார்த்துத்தான் மரியாதை கிடைக்கிறது. பிரசவ அறைக்கு வரும் ஏழைப் பெண்ணுக்கு இவற்றில் எது இருக்கிறது? ‘மாண்பு’ அப்படியல்ல. ‘மனித மாண்பு’ என்கிறபோது, ஒருவரிடம் பிறப்பிலேயே இருப்பதைத்தான் சொல்கிறோம். அதை யாரும் கொடுக்க வேண்டியதில்லை, காத்தால் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கமும் மாண்பைத்தான் முதலில் வைக்கிறது. அந்தரங்கம், தீங்கின்மை, தெரிந்து தேர்வு செய்யும் உரிமை, இடைவிடாத துணை எல்லாம் அதன் பின்னே வருகின்றன.

அப்புறம் ‘கேர்’. ‘பராமரிப்பு’ கட்டடத்துக்கும் சாலைக்கும்கூடப் பொருந்தும். ‘பேணு’ என்ற வினை இன்னும் நெருக்கமானது. காப்பது, மதிப்பது என்ற இரண்டு பொருளும் அதற்கு உண்டு. கவனிப்பு வேறு, மதிப்பு வேறு என்று பிரியாத ஒரு சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

‘மகப்பேறு’ நல்ல சொல்தான், ஆனால் அதில் முன்னே நிற்பது ‘மக’, அதாவது குழந்தை. ‘பேறுகாலம்’ என்றால் அந்தப் பெண்ணின் காலம். ஆகவே என் பரிந்துரை: ‘மாண்பு காக்கும் பேறுகாலப் பேணல்’. ‘பேணல்’ இறுக்கமாகப் பட்டால் ‘கவனிப்பு’ என்றும் சொல்லலாம். ‘மகப்பேற்று வன்முறை’ என்பது இதன் எதிர்ப்பக்கம். வெனிசுலா 2007-இல் அதைச் சட்டத்திலேயே வரையறுத்தது.

இனிமையாகப் பேசுவது மட்டுமே இதன் பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வலி ஏறிக்கொண்டிருக்கிறது. செவிலியர் திரையை இழுத்து மூடுகிறார். “கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கைவிட்டுப் பார்க்க வேண்டும். இப்போது பார்க்கலாமா?” என்று கேட்கிறார். அந்த வலி தணியும்வரை காத்திருக்கிறார். அவள் தலையசைத்த பிறகே தொடுகிறார். இதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆனால் ஒரே செவிலியர் ஒரே நேரத்தில் பல பெண்களைப் பார்க்க வேண்டிய இடத்தில் அந்த இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அங்கே பேண வேண்டியவர் பட்டியலில் செவிலியரும் சேர்கிறார்.

இதே வேலைக்குக் கென்யாவில் தொடங்கிய திட்டத்துக்கு ‘ஹெஷிமா’ என்றும், தான்சானியாவில் ‘ஸ்டாஹா’ என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டுமே மதிப்பைக் குறிக்கும் சுவாஹிலிச் சொற்கள். பிரசவ அறையில் இருக்கும் பெண்ணுக்கும் செவிலியருக்கும் விளக்கம் சொல்லாமலே புரிபவை.