மாடியில் விளையும் யூனிட்டுக்கு என்ன விலை?

பக்கத்து வீட்டு அண்ணாச்சி போன வாரம் இரண்டு காகிதங்களோடு வந்தார். ஒன்று கோடைக்கால கரன்ட் பில்: இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட், 6,870 ரூபாய். இன்னொன்று சோலார் போடுகிறவர்கள் கொடுத்த கொட்டேஷன்: 3 கிலோவாட், 1,90,000 ரூபாய். மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 78,000 போனால் கையிலிருந்து 1,12,000.

"தம்பி, யூனிட்டுக்கு ஏழு ரூபா படுது. பேனல் தினம் பன்னிரண்டு யூனிட் குடுக்குமாம். கணக்கு சரிதானே?"

பன்னிரண்டு சரி. ஏழு ரூபாய்தான் தப்பு.

கிலோவாட்டைக் குழாயின் பருமன் என்று வைத்துக்கொண்டால், யூனிட் என்பது குடத்தில் விழுந்த தண்ணீர். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சுமாராக நாளுக்கு 4 யூனிட் தரும். பகலில் வீட்டுக்குத் தேவைப்படாதது லைனுக்குப் போகும். ராத்திரி வேண்டியதை லைனிலிருந்து எடுத்துக்கொள்வோம். இரு வழி மீட்டர் இரண்டையும் பதிவு செய்யும். எடுத்ததில் கொடுத்ததைக் கழித்து, மீதிக்குத்தான் பில். விஷயமே இந்தக் கழித்தலில்தான் இருக்கிறது.

நம்மூரில் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை கிடையாது. 2024 ஜூலை கட்டணத்தில், அரசு மானியம் போக இரண்டு மாதத்துக்கு நாம் கட்டுவது இப்படி: முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் 2.35 சலுகை போய் அந்த நூறு யூனிட்டும் 4.70 ஆகிவிடும். அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50. நீங்கள் படிக்கும்போது கட்டணம் மாறியிருந்தால் புது எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான்.

சோலார் யூனிட் எப்போதும் விலை கூடிய உச்சிப் படியிலிருந்துதான் கழியும். அண்ணாச்சியின் 1000 யூனிட் பில்லில் முதல் கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 240 யூனிட் குறைந்து 760 ஆகும், நமக்கு மிச்சமாகும் பணம் 2,478 ரூபாய். யூனிட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல். இரண்டாவது கிலோவாட் அதை 520-க்கு இறக்கும், மிச்சம் 2,184. மூன்றாவது 280-க்கு இறக்கும், மிச்சம் 1,597. ஆசைப்பட்டு நான்காவதும் போட்டால்? மிச்சம் வெறும் 611 ரூபாய், யூனிட்டுக்கு இரண்டரை. அதே பேனல், அதே வெயில். ஆனால் எந்தப் படியில் கை வைக்கிறது என்பதைப் பொறுத்து அதன் விலை நாலில் ஒரு பங்காகிவிடுகிறது.

மானியமும் இதே மாதிரிதான் தேய்கிறது. முதல் இரண்டு கிலோவாட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்தியாவிலேயே தயாரான செல்கள் (வெயிலைக் கரன்டாக்கும் சில்லுகள்) உள்ள பேனலாக இருக்க வேண்டும், பணமும் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக்கு வரும். அதுவரை முழுத் தொகையையும் நாம்தான் புரட்ட வேண்டும்.

"அப்போ 3 கிலோவாட் போடலாமா?" என்றார். மற்ற பில்களையும் கேட்டேன். மூன்று பில் ஆயிரம் யூனிட்டை ஒட்டி, மழையும் குளிரும் உள்ள மாதங்களில் மூன்று பில் அறுநூறு யூனிட்டை ஒட்டி. மேகமூட்டத்தில் கிலோவாட்டுக்கு மூன்று யூனிட் என்று குறைத்துப் போட்டால், 3 கிலோவாட் ஆண்டுக்கு மிச்சப்படுத்துவது சுமார் 27,400 ரூபாய். போட்ட பணம் நாலு வருஷத்தில் திரும்பும். 2 கிலோவாட்டுக்கு 1,30,000 விலை என்று வைத்தால் மானியம் போக 70,000, மிச்சம் ஆண்டுக்கு 21,300, மூன்றேகால் வருஷம். அந்த மூன்றாவது கிலோவாட்டை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 42,000 போட்டு ஆண்டுக்கு 6,000. ஏழு வருஷம் ஆகும். நஷ்டம் இல்லை, ஆனால் அவசரமும் இல்லை.

இதுவே இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீடாக இருந்தால் பில்லே 1,805 ரூபாய்தான். 3 கிலோவாட் போட்டு பில்லைப் பூஜ்யம் ஆக்கினாலும் ஆண்டுக்கு 10,830. போட்ட பணத்தைத் தேற்றவே பத்து வருஷம் தாண்டும். இருநூறு யூனிட் வீட்டுக்காரரிடம் யாராவது சோலார் விற்க வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடலாம். மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும் என்பார்கள், உண்மைதான். ஆனால் ஆண்டுக் கணக்கு முடியும்போது மிஞ்சியதற்கு நாம் வாங்கும் விலை கிடைக்காது.

சரி, அந்த நாலு யூனிட்டாவது நிச்சயமா? அதற்கும் இரண்டு எதிரிகள். ஒன்று, நம்ப மாட்டீர்கள், வெயிலின் சூடு. பேனல் மேல் எழுதியிருக்கும் வாட் அளவு, சில்லு 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. சித்திரை மதியம் மொட்டை மாடியில் அது 60 டிகிரியைத் தாண்டும். சிலிக்கான் சூடாக ஆக அதன் வோல்டேஜ் இறங்கும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் போகும். 35 டிகிரி கூடினால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். பேனலுக்குத் தேவை வெளிச்சம், வெக்கை அல்ல. அதனால்தான் அக்னி நட்சத்திரத்தை விட மாசி, பங்குனியில் என் இன்வெர்ட்டர் (பேனல் கரன்டை வீட்டுக் கரன்டாக மாற்றும் பெட்டி) நல்ல எண் காட்டுகிறது. பேனலுக்கும் தளத்துக்கும் இடையே காற்று போக இடம் விட்டு உயர்த்தி மாட்டுவதும் இதற்குத்தான்.

இன்னொன்று நிழல். என் மாடியில் பேனல் மாட்ட வந்தவர் சித்திரையில் இடம் பார்த்தார். சூரியன் உச்சந்தலைக்கு மேல்; தண்ணீர் டேங்கின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. டேங்குக்கு வடக்கே மாட்டிவிட்டுப் போய்விட்டார். மார்கழியில் சூரியன் தெற்கே சாயுமல்லவா? மாடித் தளத்திலிருந்து மூன்று மீட்டர் உயரமுள்ள டேங்குக்கு எங்கள் திருநெல்வேலிப் பக்கம் நண்பகலிலேயே இரண்டு மீட்டர் நிழல் விழும், காலையிலும் மாலையிலும் அதைவிட நீளம். ஒரு பேனலின் கீழ் மூலையில் கையகல நிழல்தான், ஆனால் உற்பத்தி ஒரேயடியாக விழுந்தது. சில்லுகள் மாலை கட்டியது போலத் தொடராக இணைந்தவை. ஒரு சில்லு மின்னோட்டத்தைத் தடுத்தால் அந்தச் சரம் முழுவதும் மூச்சுத் திணறும். அதைத் தாண்டிப் போக பைபாஸ் டயோடு வைத்திருப்பார்கள். டயோடு அந்தச் சரத்தையே ஒதுக்கிவிட்டு மற்றதைக் காப்பாற்றும், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தை முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சண்டை வரும். பேட்டரி இல்லாமல் லைனோடு இணைந்த ஆன்-கிரிட் சோலாரில், கரன்ட் போனால் கொளுத்தும் வெயிலிலும் வீட்டில் ஃபேன் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மீது நம் வீட்டுக் கரன்ட் பாயக் கூடாது என்பதால் இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்ளும். பேட்டரி சேர்த்தால் செலவு கணிசமாக ஏறும், நான் மேலே போட்ட வருஷக் கணக்கெல்லாம் நீளும்.

அப்புறம் சில்லறைச் செலவுகள். பேனலுக்கு 25 வருஷ வாரன்டி கொடுக்கிறார்கள், இன்வெர்ட்டர் அவ்வளவு நாள் தாங்காது. நடுவில் ஒருமுறை மாற்ற ஒரு தொகை எடுத்து வைக்க வேண்டும். தூசியைக் காலையில் பேனல் சூடாவதற்கு முன் கழுவுவது நல்லது. உப்பு போர் தண்ணீர் வெள்ளைப் படலம் விடும்.

அண்ணாச்சி கடைசியில் 2 கிலோவாட் என்று முடிவு செய்தார். அவர் கோடை பில் அப்போது 520-இல் நிற்கும், 2,208 ரூபாய். 500-க்குள் வந்தால் 1,805. அந்த இருபது யூனிட்டுக்கு மட்டும் 403 ரூபாய். ஹாலில் ஓடும் பழைய ஃபேன் 75 வாட். பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரன்டில் ஓடும் புது வகை மோட்டார் உள்ளது) 30 வாட்டுக்குள் அதே காற்றைத் தரும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முப்பது யூனிட்டுக்கு மேல் குறையும்.

"ஃபேன் என்ன வெலை தம்பி?"

"மூவாயிரம் பக்கம்."

கொட்டேஷன் காகிதத்தின் பின்பக்கத்தில் அதையும் எழுதிக்கொண்டார்.