குளிசையைக் குறைக்கும்போது உடம்பு ஏன் குழம்புகிறது

நாரிநோவுக்காக 2 வருடம் ட்ரமடோல் என்ற அபின்வகை நோக்குளிசை போட்ட என் பெரியம்மா, ஒருநாள் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். இரண்டாம் நாள் ஓயாத கொட்டாவி, மூக்கால் நீர், வியர்வை, வயிற்றோட்டம். இரவு முழுக்கக் கால் உளைவு. தடிமன் என்று நினைத்து மல்லி அவித்துக் கொடுத்தோம். அது தடிமனே இல்லை.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கயிறும் பட்டையும், மறுமுனையில் பாரக்கல். மூளைத்தண்டில் 'லோக்கஸ் சீருலியஸ்' என்றொரு சின்னப் பகுதி இருக்கிறது. நம்மை விழிப்பாகவும் பதற்றமாகவும் வைக்கும் நோரட்ரினலின் அங்கே சுரக்கிறது. ட்ரமடோல், மோர்பின், கோடீன் எல்லாம் அங்குள்ள ஓபியாய்டு ஏற்பிகளை, அதாவது அபின்வகை மருந்துகள் ஒட்டும் இடங்களைப் பிடித்து அந்தச் சுரப்பை அமுக்குகின்றன. நாள்தோறும் அமுக்கினால் அங்குள்ள நரம்புக் கலங்கள் சும்மா இருக்குமா? தமக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற பொருளைக் கூட்டிக் கூட்டி, மறுமுனையில் கல்லை ஏற்றிக்கொண்டே போகின்றன. குளிசை திடீரென்று நின்றால் கயிறு அறுந்த துலாதான். நோரட்ரினலின் பொங்கும், நெஞ்சு படபடக்கும், மயிர் சிலிர்க்கும், நித்திரை போய்விடும். குடலிலும் இதே ஏற்பிகள் உண்டு. அதனால்தான் மலச்சிக்கல் தந்த குளிசை விலகியதும் வயிறு கழிகிறது. பனடோலில் இந்தச் சிக்கல் இல்லை.

மிகவும் ஏமாற்றுவது நோவுதான். நோவைக் கடத்தும் நரம்புகளும் சிலகாலம் கூர்மையாகிவிடுவதால், பழைய வருத்தம் திரும்பிவிட்டது போலவே இருக்கும். அப்படி நினைத்துப் பழைய அளவை அப்படியே போட்டுவிடாதீர்கள். உடம்புக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

கல்லை இறக்க உடம்புக்கு நேரம் வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்கள் மாதம் 10 சதவீதம் அல்லது இன்னும் மெதுவாகக் குறைப்பதே தாங்கக்கூடியது என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022 வழிகாட்டல். கணக்கை வைத்தியரே போடவேண்டும். கஷ்டமானால் சில கிழமை அதே அளவில் நிற்கலாம். தேவைப்பட்டால் நோரட்ரினலினை அடக்கும் குளோனிடினும் தருவார்; அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், தானாக வாங்கிப் போடக்கூடாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் கரைசல்), உப்புக்கஞ்சி. உளைவுக்குச் சுடுதண்ணீர்க் குளிப்பு, காலாற நடை. பின்னேரத்துக்குப் பிறகு தேநீர் வேண்டாம்.

பெரியம்மா வைத்தியரிடம் போய் முறையாகக் குறைத்து முடிக்க 11 மாதம் ஆனது. கடைசிக் குளிசைகளில்தான் அதிகம் கஷ்டப்பட்டார். இரண்டிலிருந்து ஒன்றுக்கு வந்தால், உடம்புக்கு ஒரே நாளில் பாதி போய்விடுகிறதே.