மூக்கைத் தொட்டுக் காட்டினால் பேச்சு வந்துவிட்டதா?

எல்.கே.ஜி. சேர்க்கை விண்ணப்பங்கள் கொடுக்கத் தொடங்கிவிட்டால் என் பேச்சுப் பயிற்சி அறையில் கூட்டம் சேர்ந்துவிடும். இந்த வாரமும் ஒரு தாய் வந்தார். பையனுக்கு மூன்று வயது நெருங்குகிறது. "இங்கிலீஷ் நன்றாக வருகிறது மேடம், தமிழ்தான் வரவில்லை" என்றார். முகம் வரைந்த அட்டையை நீட்டினார். பையன் ஐ, நோஸ், மௌத், இயர், சின் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தான். உச்சரிப்பு அசல் அமெரிக்கா. நான் அட்டையை வாங்கிக்கொண்டு, "மௌத் எங்கே?" என்றேன். மறுபடியும் ஐ-யில் இருந்து ஆரம்பித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் என்றும் கேட்கவில்லை, வாட்டர் என்றும் கேட்கவில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பையின் ஜிப்பின்மேல் அந்தக் கையை வைத்தான். அம்மாவின் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவனுக்கு இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. வந்திருப்பது ஒரு கைபேசிக் காணொளி. இதை அந்தத் தாயிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். இங்கே பக்குவம் பார்க்கப் போவதில்லை, ஏனென்றால் இதே கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

"வீட்டில் இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும், அதனால் இங்கிலீஷில் மட்டும் பேசுகிறோம்." யார் இதைக் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பார்கள், பள்ளியிலேயே சொன்னார்கள் என்பார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. ஓசூரிலும் கோவையிலும் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். "அம்மா, நோஸ் வலிக்கிறது" என்று ஒரு குழந்தை சொன்னால் அது குழப்பமும் இல்லை. கையில் இருக்கும் எல்லாச் சொற்களையும் வைத்து வேலையை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான சேதம் வேறு இடத்தில் நடக்கிறது. பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே பேரனிடம் பேசாதே என்று பாட்டியின் வாயை அடைத்துவிடுகிறீர்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சரளமாக வரும் இங்கிலீஷ் எவ்வளவு? கம், சிட், டோன்ட் டச், வாட் இஸ் திஸ். நாள் முழுவதும் கட்டளை, இல்லையென்றால் கேள்வி. கதை இல்லை, கொஞ்சல் இல்லை, வேடிக்கை இல்லை, "அங்கே பார், பூனை மீசையை நக்குகிறது" இல்லை. நீங்கள் மாற்றியது மொழியை என்று நினைக்கிறீர்கள். குறைத்தது பேச்சின் அளவை. அந்த இடைவெளியைக் கைபேசி நிரப்பும் என்று ஒரு நம்பிக்கை வேறு.

அமெரிக்காவில் சியாட்டிலில், குழந்தைகள் மொழி கற்பதை ஆராயும் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலம் பேசும் வீடுகளின் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் என்றபோது எதுவும் ஏறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் கடினமான விஷயமல்ல: இரண்டு வயது நிறையும் வரை திரை வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

நான் இங்கிலீஷுக்கு எதிரி இல்லை. தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அட்டையில் தனியாக வெட்டி ஒட்டிய மூக்கை வைத்து வேண்டாம். முகத்தை விட்டுப் பிரிந்த மூக்கை அந்தக் குழந்தை எங்கே பார்த்திருக்கிறது? முகம் கழுவும்போது, பவுடர் போடும்போது, கண்ணாடி முன் நிறுத்தித் தலை வாரும்போது சொல்லுங்கள். முதலில் வீட்டு மொழியில். கூடவே, "இதை நோஸ் என்றும் சொல்வார்கள்." பொம்மைக்குச் சளி பிடித்ததாக விளையாடித் துடைத்துவிடச் சொல்லுங்கள். தோசையில் கண்ணும் வாயும் வைத்துக் கொடுத்து, எதை முதலில் தின்னப் போகிறாய் என்று கேளுங்கள். விருந்தாளி முன் நிறுத்தி "ஆன்ட்டிக்கு நோஸ் காட்டு" என்று பரீட்சை வைக்காதீர்கள். டீத், மௌத் இரண்டின் கடைசி ஒலியும் ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகளுக்கே தாமதமாக வருவது. மூன்று வயதில் திருத்தித் திருத்திப் பேசவே பயப்பட வைக்காதீர்கள்.

உறுப்பின் பெயரோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். காது வலிக்கிறது, கண் எரிகிறது, மூக்குக்குள் பட்டாணி போட்டுக்கொண்டேன் என்று சொல்ல வர வேண்டும். (ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்தோடு சளி வடிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகியுங்கள். ஊக்கு வைத்துத் தோண்டாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். பட்டன் பேட்டரி என்றால் அந்த நிமிடமே.)

இரண்டு வயதில் ஒரு குழந்தை கேட்டால் இரண்டு உறுப்புகளையாவது தொட்டுக் காட்ட வேண்டும். "அம்மா வா", "பால் வேண்டும்" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். எந்த மொழியில் என்பது கணக்கில்லை, இரு மொழிச் சொற்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை, நம் கையையே கருவியாகப் பயன்படுத்துகிறது, கேட்டதை மட்டும் ஒப்பிக்கிறது என்றால் இங்கிலீஷ் வகுப்பைத் தேடாதீர்கள், குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள். ஆட்டிசம் இருக்கிறதா என்ற முதற்கட்டச் சோதனையைப் பதினாறு மாதத்திலேயே செய்ய முடியும்.

காதையும் சோதியுங்கள். "டிவி சத்தத்துக்குத் திரும்புகிறான், காது நன்றாகக் கேட்கிறது" என்பது என் அறையில் தினமும் ஒலிக்கும் வசனம். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் கட்டிய குழந்தைக்கும் டிவி கேட்கும், அடுத்த அறையிலிருந்து மெதுவாகப் பேசினால்தான் கேட்காது. 'பெரா' (BERA) என்ற செவித்திறன் சோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம், ஊசி எதுவும் இல்லை. செலவுக்கு யோசிப்பவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். அங்கே கட்டணம் கிடையாது. அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார் என்று மாமியார் சொல்வார். சொல்லட்டும். நீங்கள் இந்த வாரமே கிளம்புங்கள்.